இயற்றியவரே வாசித்தால் அப்பீல் உண்டா?
பழைய பியானோ ஒலிப்பதிவுகள் பற்றி ஒரு விசாரணை

ஒரு நூலின் பொருளில் தகராறு வந்தால், நூலாசிரியரையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். பெரும்பாலான நூல்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆசிரியர் போய்ச் சேர்ந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். மேலைநாட்டுப் பியானோ இசைக்கு மட்டும் அபூர்வமாக அந்த வாய்ப்பு அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த பெரிய படைப்பாளிகள் பலர், தாம் இயற்றியதைத் தாமே வாசித்து விட்டுப் போயிருக்கிறார்கள். சிலருடையது ஒலியாக, சிலருடையது துளையிட்ட காகிதமாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை நம்மவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் புத்தகத்தில் இருக்கும் சுரக்குறிப்பு ஒரு ஞாபகக் குறிப்பு மாதிரிதான். குரு வாயிலிருந்து வருவதுதான் பாடம். புத்தகத்தை மட்டும் பார்த்துப் பாடினால், 'பாட்டு இருக்கு, பாவம் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். மேலை சங்கீதத்தில் கடந்த நூறு ஆண்டுகளாகக் காகிதத்துக்குத்தான் அதிகாரம். ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே உரக்க, எங்கே மெல்ல, எந்தக் காலப்பிரமாணம் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. அதை மீறுவது பிழை என்றே கற்பிக்கப்படுகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பியானோவும் கீபோர்டும் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரி போன்ற அமைப்புகளின் கிரேடு தேர்வுகளுக்குப் போகிறார்கள். மெட்ரோநோம் என்ற தாளக் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு, எழுதியது எழுதியபடி வாசிக்கப் பழகுகிறார்கள். அந்தக் காகிதத்தை எழுதியவரே அதை எப்படி வாசித்தார் என்று கேட்டால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். எழுதியது ஒன்று, வாசித்தது வேறொன்றாக இருக்கும்!

அப்போது இரண்டு கட்சிகள் கிளம்புகின்றன. 'இயற்றியவர் வாசித்ததே இறுதித் தீர்ப்பு, அப்படியே வாசியுங்கள்' என்பது ஒரு கட்சி. 'அது பழைய காலத்துப் பழக்கம், கருவியும் மோசம், ஒதுக்கி வையுங்கள்' என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை என்பது என் துணிபு. இந்தப் பதிவுகள் தீர்ப்பு அல்ல, சாட்சியம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

என்னென்ன கிடைத்திருக்கிறது

எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877-இல். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1889 டிசம்பர் 2-ஆம் நாள், எடிசனின் பிரதிநிதி தியோ வாங்கெமான் வியன்னாவில் ஒரு வீட்டில் கருவியை வைத்து யோஹன்னஸ் பிராம்ஸைப் பதிவு செய்தார். பிராம்ஸுக்கு அப்போது வயது 56. தம் முதல் ஹங்கேரிய நடனத்தில் ஒரு பகுதியை அவர் வாசித்தார். அந்த மெழுகு உருளையை இன்று கேட்டால், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே எங்கோ தூரத்தில் பியானோ ஒலிப்பது போல இருக்கும். கணிப்பொறி கொண்டு இரைச்சலைப் பிரித்தெடுக்க அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். இது சாட்சியம் என்பதைவிடப் புனிதப் பொருள் என்றே சொல்லலாம்.

தெளிவாகக் கேட்கக்கூடியவை 1903-லிருந்து தொடங்குகின்றன. அந்த ஆண்டு நார்வே நாட்டு எட்வர்ட் கிரீக் பாரிஸில் 9 இசைத்தட்டுப் பக்கங்கள் பதிவு செய்தார். 'வண்ணத்துப்பூச்சி', 'வசந்தத்துக்கு', 'டிரோல்ட்ஹௌகனில் மணநாள்' ஆகிய சிறு படைப்புகள் அவற்றில் உண்டு. 1835-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் கமில் சேன்-சான்ஸ் 1904-இலும், மறுபடி 84 வயதில் 1919-இலும் வாசித்தார். குளோட் டெபுஸி 1904-இல் மேரி கார்டன் என்ற பாடகிக்குப் பக்கவாத்தியமாக 4 பக்கங்கள் வாசித்தார். தனி வாசிப்பாக அவர் விட்டுச் சென்றது காகிதச் சுருள்களில் மட்டுமே. ருஷ்யரான ராக்மனினாஃப் 1919 முதல் 1942 வரை நிறையவே பதிவு செய்தார். பார்டோக், புரோகோஃபியெவ், கெர்ஷ்வின் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றை இன்று கைப்பேசியிலேயே காசில்லாமல் கேட்கலாம்.

தட்டும் சுருளும்: இரு வகைச் சாட்சிகள்

முதல் வகை இசைத்தட்டு. 1925-இல் மின்சார முறை வருவதற்கு முன் மைக் கிடையாது. பெரிய கூம்பு வடிவக் குழாய் ஒன்றைப் பியானோவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஒலியின் அதிர்வு நேராகப் போய் ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும். ரொம்ப மெல்ல வாசித்தால் பதியாது. கீழ்ஸ்தாயியின் கனம் போய்விடும். ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷம்தான் இடம். ஆகவே நாதம் எப்படி இருந்தது, எவ்வளவு மென்மையாகத் தொட்டார் என்ற கேள்விகளுக்கு இந்தச் சாட்சி பதில் சொல்லாது. எந்தச் சுரம் முன்னே வந்தது, எது பின்னே வந்தது, எங்கே விரைந்தார், எங்கே தயங்கினார் என்ற கேள்விகளுக்குச் சொல்லும்.

இரண்டாம் வகை பியானோ ரோல் என்கிற காகிதச் சுருள். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரில் எட்வின் வெல்ட்டே, கார்ல் போக்கிஷ் இருவரும் 1904-இல் 'வெல்ட்டே-மிஞோன்' என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். வாசிப்பவர் எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்பது காகிதத்தில் துளைகளாகும். பிறகு அந்தச் சுருளைக் காற்றழுத்தத்தால் இயங்கும் பியானோவில் மாட்டினால் கட்டைகள் தாமாகவே அழுந்தி வாசிக்கும். இரைச்சல் இல்லை. இன்றைய நல்ல பியானோவில் ஓடவிட்டுப் பதிவு செய்தால், நேற்றைக்கு வாசித்தது போல இருக்கும்.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். அழகாக ஒலிக்கும் சாட்சி உண்மையான சாட்சி என்று அர்த்தமில்லை. சுரத்தின் பலத்தை எப்படிப் பதித்தார்கள் என்பதை வெல்ட்டே கம்பெனி தொழில் ரகசியமாக வைத்திருந்தது. கட்டைகளை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரித்துத்தான் பலத்தைக் கட்டுப்படுத்தினார்கள். ஒரே பாதியில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களில் ஒன்றை மட்டும் தூக்கலாக, மற்றதை அடக்கமாகக் காட்ட அதனால் முடியாது. நல்ல பியானோ வித்வானின் கைத்திறமையே அதில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, தப்பாக விழுந்த துளையை ஒட்டி மறைத்து, சரியான இடத்தில் துளை போடவும் முடியும்.

இரண்டுக்கும் இன்னொரு நுட்பமான வேறுபாடு உண்டு. இசைத்தட்டைத் தவறான வேகத்தில் சுழற்றினால் சுருதியும் கூடவே மாறிவிடும். படைப்பின் சுருதி நமக்குத் தெரியுமாதலால் தட்டின் பொய்யைத் தட்டே காட்டிக்கொடுக்கும். சுருளில் அப்படியில்லை. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பியானோவின் தந்தி அதே சுருதியில்தான் ஒலிக்கும். 'இந்தச் சுருளில் அவர் இவ்வளவு வேகம் வாசித்தார்' என்று யாராவது அடித்துச் சொன்னால், 'கருவியைச் சரியான வேகத்தில் வைத்து ஓட்டினீர்களா?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று. மொத்த வேகத்தில் ஐயம் இருந்தாலும், ஒரே சுருளுக்குள் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள விகிதத்தை நம்பலாம். தராசுத் தட்டுகள் சமமாக இருந்தால் போதும். எடைக்கல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், இந்த மூட்டை அந்த மூட்டையைப் போல் இரண்டு மடங்கு என்று சொல்லிவிட முடியும். இந்த விகித நியாயம் எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

லேபிளும் சரக்கும்

வியாபாரத்தில் முதல் பாடம், லேபிளைப் பார்த்து மட்டும் சரக்கு வாங்காதே என்பது. இங்கும் அது பொருந்தும். மோரிஸ் ராவெல் 1913-இல் வெல்ட்டே கம்பெனிக்குத் தம் 'சொனாட்டீன்' முதலிய சிலவற்றை வாசித்துக் கொடுத்தார். பிறகு 1922-இல் 'டியோ-ஆர்ட்' என்ற போட்டிக் கம்பெனிக்கும் சுருள்கள் பதிவாயின. அவற்றில் கடினமான 'டொக்காட்டா', 'தூக்குமரம்' ஆகிய இரண்டும் ராவெலின் பெயரோடு விற்கப்பட்டன. உண்மையில் அவற்றை வாசித்தவர் அப்போது இளைஞராக இருந்த ரொபேர் கசதெஸு என்ற பியானோ வித்வான். ராவெல் பெரிய படைப்பாளி. ஆனால் தாம் எழுதிய கடினமான பகுதிகளை வாசிக்கும் அளவு விரல் பலம் அவருக்கு இல்லை.

'ராவெலே இப்படித்தான் வாசித்தார்' என்று அந்தச் சுருளைக் காட்டி யாராவது பாடம் எடுத்தால், அது கசதெஸுவின் பாடமாகத்தான் இருக்கும். ராவெலின் விருப்பம் அறிந்தவர் வாசித்தார் என்ற மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் இயற்றியவர் கை வேறு, இயற்றியவர் ஒப்புதல் வேறு.

மூழ்கிய தேவாலயம்

இனி அந்த விகித நியாயத்துக்கு வருவோம். டெபுஸி 1910-இல் வெளியிட்ட பிரெலூட் முதல் தொகுதியில் பத்தாவது படைப்பு 'மூழ்கிய தேவாலயம்'. கடலுக்கடியில் போய்விட்ட ஈஸ் என்ற நகரத்தின் தேவாலயம் விடியற்காலையில் நீரைப் பிளந்து எழுந்து, மணியோசையோடு மறுபடி மூழ்குவதாக பிரெத்தாஞ் நாட்டுப்புறக் கதை. அதைப் பியானோவில் காட்டுகிறார். மொத்தம் 89 பார்கள். தாளக்கோடு பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'பார்' என்று பெயர்.

அச்சிட்ட ஏட்டில் தாள அடையாளம் இரண்டு விதமாகப் படிக்க இடம் தந்தது. காலம் எங்கே மாறுகிறது என்று தெளிவாகச் சொல்லும் குறிப்பு இல்லை. எழுதியிருக்கிறபடியே ஒரே காலத்தில் வாசித்தால், தேவாலயம் முழுக்க எழுந்து நிற்கும் நடுப்பகுதி ஊர்வலத் தேர் நிலைக்கு வராமல் நிற்கிற மாதிரி இழுத்துக்கொண்டே போகும். பல பெரிய வித்வான்கள் அப்படித்தான் வாசித்தார்கள். அதில் ஒரு கம்பீரம் இருப்பதாகவும் பாராட்டப்பட்டார்கள்.

1913-ஐ ஒட்டிய காலத்தில் டெபுஸி வெல்ட்டே கம்பெனிக்கு 14 படைப்புகள் வாசித்துக் கொடுத்தார். இதுவும் அவற்றில் ஒன்று. அந்தச் சுருளில் 7 முதல் 12 வரையுள்ள பார்களிலும், 22 முதல் 83 வரையுள்ள பார்களிலும் அவர் காலத்தை இரட்டிக்கிறார். நம் பாஷையில், ஒன்றாம் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போகிறார். மற்ற இடங்களில் எழுதிய காலம். சார்ல்ஸ் பர்க்ஹார்ட் என்ற ஆய்வாளர் 1968-இல் இதை எடுத்துக்காட்டினார். பின்னர் ராய் ஹோவட் பங்கேற்ற டெபுஸி படைப்புகளின் ஆய்வுப் பதிப்பிலும் இது இடம்பெற்றது.

யோசித்துப் பாருங்கள். சுருள் ஓடிய கருவி கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கலாம். காகிதம் சுற்றச் சுற்ற உருளை பருத்து, வேகம் சிறிது கூடவும் செய்யும். ஆனால் குறிப்பிட்ட ஒரு பாரில் சரியாக இரட்டித்து, இன்னொரு பாரில் சரியாகத் திரும்புவது எந்திரக் கோளாறாக இருக்க முடியாது. அது இயற்றியவர் மனசில் இருந்த கணக்கு. அச்சில் விட்டுப்போனதை அவர் கை சொல்லிவிட்டது. ஏடு பெயர்த்து எழுதுகிறவர் விட்ட ஒரு சொல்லால் பாட்டின் பொருளே திரிந்துபோவதும், நல்ல பிரதி ஒன்று கிடைத்ததும் எல்லாம் விளங்குவதும் சுவடிப் பதிப்பில் பழக்கமுள்ளவர்களுக்குப் புதிதல்ல. இந்தச் சுருளும் அப்படி ஒரு நல்ல பிரதி. இங்கே சாட்சியம் ஐயத்துக்கு இடமின்றி வென்றது. இதைக் கேட்ட பிறகும் பழைய இழுவை வாசிப்பை 'ஏட்டில் உள்ளபடி' என்று சொல்லி நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எழுதிய கை, வாசித்த கை

டெபுஸி விஷயத்தில் ஏட்டில் ஒரு குறை இருந்தது. மற்றவர்கள் விஷயத்தில் ஏட்டில் குறையே இல்லை. ஆனாலும் வாசித்த கை வேறு வழியில் போகிறது.

கிரீக்கின் 'வண்ணத்துப்பூச்சி'யைக் கேட்டுப் பாருங்கள். காகிதத்தில் ஒரே அளவாக வரிசையாக நிற்கும் சின்னச் சுரங்கள் அவர் கையில் ஒரே அளவாக ஒலிப்பதில்லை. விரைகின்றன, தயங்குகின்றன, ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழும்புகின்றன. மெட்ரோநோம் வைத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே தோற்றுப் போவார். ஆனால் பூச்சி பறக்கிறது!

அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின் இசைத்தட்டு எதுவும் பதிவு செய்யாமலே 1915-இல் இறந்தார். அவர் வாசிப்பு சுருள்களில்தான் இருக்கிறது. 1910-இல் வெல்ட்டே கம்பெனிக்கு வாசித்தவற்றில் எட்டாம் எண் படைப்பின் பன்னிரண்டாம் பயிற்சியும், 32-ஆம் எண் படைப்பின் முதல் கவிதையும் உண்டு. அனடோல் லெய்கின் 2011-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுருள்களை அளந்து காட்டியிருக்கிறார். காலப்பிரமாணம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கிறது. இடக்கையும் வலக்கையும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் ஒன்று முந்துகிறது. சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன.

இடக்கை முந்துவது, சுரக்கூட்டை உதிர்த்து வாசிப்பது, உணர்ச்சி ஏறும்போது காலமும் ஏறுவது ஆகியவை அந்தத் தலைமுறை வித்வான்கள் பலரிடமும் கேட்கின்றன. ராபர்ட் ஃபிலிப் 1992-இலும், நீல் பெரெஸ் ட கோஸ்டா 2012-இலும் வெளியிட்ட நூல்கள் இதை விரிவாக நிறுவியிருக்கின்றன. இன்றைக்கு ஒரு மாணவர் தேர்வில் இப்படி வாசித்தால், 'கை சேரவில்லை' என்று மதிப்பெண் குறைப்பார்கள்.

ஏன் இவற்றை அவர்கள் எழுதி வைக்கவில்லை? எழுதத் தேவையில்லை என்று நினைத்ததே காரணமாக இருக்க வேண்டும். தெரிந்தவர்களுக்குத் தெரிந்ததை யார் எழுதுவார்கள்? கமகத்தை ஒவ்வொரு சுரத்துக்கும் எழுதி வைக்கிறோமா என்ன? காகிதம் சொல்வது ஒரு பங்கு. காகிதத்தைப் படிக்கத் தெரிந்த கை சொல்வது இன்னொரு பங்கு. இரண்டாம் பங்கு ஆசிரியர் மாணவர் தொடர்பில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொடர்பு தளர்ந்த பிறகு காகிதம் மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதையே முழுச் சட்டமாக்கினார்கள்.

எல்லோருமே நெகிழ்த்தித்தான் வாசித்தார்கள் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. சேன்-சான்ஸைக் கேட்டால் விரைவும் தெளிவும்தான் முன்னே நிற்கின்றன. ராக்மனினாஃப் தம் இரண்டாம் கான்செர்ட்டோவை 1929-இல் ஃபிலடெல்ஃபியா வாத்தியக் குழுவோடு வாசித்த பதிவு இன்னொரு ஆச்சரியம். உருகி உருகி வாசிக்க வேண்டிய படைப்பு என்று இன்று அதற்குப் பேர். இயற்றியவரோ இன்றைய வாசிப்புகள் பலவற்றைவிட விரைவாக, நேராக, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் போகிறார். நெகிழ்வு உண்டு, குழைவு இல்லை. பிற்காலத்தார் சேர்த்த சர்க்கரையைக் கழித்துவிட்டு மூலச் சுவையைக் காட்டுவதிலும் இந்தச் சாட்சியம் பயன்படுகிறது.

அப்படியானால் காப்பி அடிக்கலாமா?

கூடாது. அதற்குக் காரணங்களை அந்தப் பதிவுகளே தருகின்றன.

முதல் காரணம், தட்டின் நீளம். கெர்ஷ்வின் தம் 'ராப்சடி இன் புளூ'வை 1924-இல் பால் வைட்மன் குழுவோடு பதிவு செய்தபோது, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகும் படைப்பை இரண்டு பக்கத்தில் அடைக்க வேண்டியிருந்தது. சுமார் ஒன்பது நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள். அதில் உள்ள வெட்டு கெர்ஷ்வினின் கலைக் கொள்கை அல்ல, இடப் பஞ்சம். வேகத்திலும் அந்த நெருக்கடியின் நிழல் விழாமல் இருந்திருக்குமா?

இரண்டாவது, இயற்றியவரே தம் படைப்புக்கு எப்போதும் நல்ல நீதிபதி என்று சொல்ல முடியாது. ராக்மனினாஃப் 1939-40-இல் தம் மூன்றாம் கான்செர்ட்டோவைப் பதிவு செய்தபோது பல பகுதிகளை வெட்டியே வாசித்தார். இன்றைய வித்வான்கள் முழுசாக வாசிக்கிறார்கள். கேட்கிறவர்களும் முழுசாகவே கேட்கிறார்கள். 'இயற்றியவரே இறுதித் தீர்ப்பு' என்கிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை!

மூன்றாவது, அவர்கள் தங்களையே காப்பி அடிக்கவில்லை. ராக்மனினாஃப் தம் புகழ்பெற்ற சி-ஷார்ப் மைனர் பிரெலூடை 1919, 1921, 1928 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இசைத்தட்டில் வாசித்தார். மூன்றும் ஒன்றல்ல. எதைக் காப்பி அடிப்பது?

இதைப் பற்றி மிகத் தெளிவாக யோசித்தவர் ஹங்கேரியின் பேலா பார்டோக். நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்க ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தவர். தம் ஏடுகளில் ஒரு பகுதி இத்தனை நிமிஷம் இத்தனை விநாடி என்றுகூடக் குறித்தவர். பதிவின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்டவரே 1937-இல் எந்திர இசை பற்றி எழுதிய கட்டுரையில், இயற்றியவர் வாசித்த பதிவு கிடைத்தாலும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது உகந்ததல்ல என்ற கருத்தைச் சொன்னார். இயற்றியவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வாசித்திருக்க மாட்டார், ஏனென்றால் அவர் உயிருள்ளவர், மாறிக்கொண்டே இருப்பது உயிரின் இயல்பு என்பது அவர் வாதம்.

நம் தமிழிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வைத்தியநாத தேசிகர் 'இலக்கண விளக்கம்' இயற்றி, அதற்குத் தாமே உரையும் எழுதினார். நூலாசிரியரே உரை சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை என்று யாரும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்று ஒரு மறுப்பு நூலே எழுதினார். ஆசிரியரின் தன்னுரைக்குத் தனி மரியாதை உண்டு, ஆய்வுக்கு விலக்கு இல்லை என்பதே நம் புலவர் மரபு.

சமண தருக்கத்தில் அநேகாந்தம் என்பார்கள். ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு. எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மெய் என்பது அதன் சாரம். 'எதுவானாலும் சரி' என்று அதற்குப் பொருளல்ல. எந்த நோக்கில் மெய் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே பொருள். டெபுஸியின் சுருள், காலத்தின் விகிதத்தைப் பொறுத்தவரை மெய். நாதத்தின் மென்மையைப் பொறுத்தவரை அல்ல. கிரீக்கின் தட்டு, தாளத்தின் நெகிழ்வைப் பொறுத்தவரை மெய். கீழ்ஸ்தாயியின் கனத்தைப் பொறுத்தவரை அல்ல. கெர்ஷ்வினின் தட்டு, துடிப்பைப் பொறுத்தவரை மெய். நீளத்தைப் பொறுத்தவரை அல்ல. இப்படிப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் இரு கட்சிக்காரர்களின் சண்டையும் பாதி அடங்கிவிடும்.

மைசூர் மகாராஜா செய்த காரியம்

இந்தச் சாட்சியங்களெல்லாம் தாமாக வந்து சேரவில்லை. யாரோ காசு போட வேண்டியிருந்தது. சந்தையில் விலை போகும் பெயராக இருந்தால் கம்பெனி போடும். விலை போகாதவர் கதி என்ன? இங்கேதான் நம் தேசத்துக்கு ஒரு பங்கு வருகிறது.

நிகோலாய் மெட்னர் 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். ராக்மனினாஃபின் நண்பர். 1921-இல் ருஷ்யாவை விட்டு வெளியேறி, 1930-களின் நடுவிலிருந்து லண்டனில் வாழ்ந்தார். புது பாணிகள் பெருகிய காலத்தில் பழைய மரபை விடாமல் எழுதியதால் கவனிப்பார் குறைவு. உடல்நலமும் கெட்டிருந்தது. அந்த நிலையில் 1946-இல் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் பொருளுதவி செய்து, மெட்னர் தம் படைப்புகளை இசைத்தட்டில் பதிவதற்கென்றே லண்டனில் மெட்னர் சங்கம் உருவாகச் செய்தார். மகாராஜாவுக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. அவரே பியானோ பயின்றவர். கர்நாடக சங்கீதத்தில் 'ஸ்ரீவித்யா' முத்திரையோடு கீர்த்தனைகள் இயற்றியவர். பின்னாளில், 1964 முதல் 1966 வரை, சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தவர்.

சமஸ்தானமே இந்திய ஒன்றியத்தில் சேர்ந்துகொண்டிருந்த அந்த 1947-இல், 67 வயது மெட்னர் லண்டனில் ஃபில்ஹார்மோனியா வாத்தியக் குழுவோடு தம் மூன்று கான்செர்ட்டோக்களையும் வாசித்தார். தொடர்ந்து சொனாட்டாக்கள், சிறு படைப்புகள் பதிவாயின. 1950-இல் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் அவர் பாடல்களைப் பாட, மெட்னரே பியானோ வாசித்தார். 1951 நவம்பரில் அவர் காலமானார். மூன்றாம் கான்செர்ட்டோ மகாராஜாவுக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

இவை மின்சார முறையில் பதிவானவை. ஆகவே முன்சொன்ன குறைகள் பல இதில் இல்லை. கேட்டால் தாளப் பிடிப்பு உறுதியாக இருக்கிறது. உள்ளே ஓடும் கிளைக்குரல்கள் தனித்தனியே துலங்குகின்றன. உணர்ச்சியை மேலே பூசிக்கொள்ளாத வாசிப்பு. மெட்னரை வறண்டவர் என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை ஏட்டைப் பார்த்துத் தீர்மானிக்காமல் இயற்றியவர் கையைக் கேட்டுத் தீர்மானிக்க இன்று நமக்கு வழியிருக்கிறது. இந்தியாவிலிருந்து போன பணம் இல்லாதிருந்தால், அந்த மூன்று கான்செர்ட்டோக்களையும் இயற்றியவர் கையால் நாம் கேட்டிருக்கப் போவதில்லை. கோயிலுக்கும் குளத்துக்கும் கொடுத்த மன்னர்கள் அநேகர். கடல் கடந்த ஒரு நோயாளிக் கலைஞரின் கைவண்ணம் அழியாமல் இருக்கக் கொடுத்தவர் இவர்.

எப்படிக் கேட்பது?

வீட்டில் பியானோ பயிலும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் வாசிக்கும் படைப்பை இயற்றியவரே வாசித்த பதிவு இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். கிரீக்கின் சிறு படைப்புகளில் தொடங்கலாம், பல பாடத்திட்டங்களில் அவை வருகின்றன. முதல் முறை கேட்கும்போது இரைச்சல்தான் காதில் விழும். மூன்றாம் முறை காது இரைச்சலை ஒதுக்கப் பழகிவிடும். பிறகு ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்கெங்கே விலகுகிறார் என்று பென்சிலால் குறியுங்கள். அது தட்டா, சுருளா, எந்த ஆண்டு, இடப் பஞ்சத்தால் வெட்டினாரா என்று விசாரியுங்கள். கடைசியாக, ஏன் விலகினார் என்று பிள்ளையையே கேளுங்கள். 'இங்கே பாட்டு மூச்சு விடுது' என்று ஏதாவது ஒரு பதில் வரும். அந்தப் பதில்தான் பாடம்.

தேர்வில் எழுதியபடியே வாசிக்கட்டும், அதில் தவறில்லை. இலக்கணம் கற்காமல் யாரும் கவிதை எழுத வந்துவிட முடியாது. ஆனால் எழுதியபடி வாசிப்பதே சங்கீதத்தின் முடிவு என்று அந்தக் குழந்தை நினைத்துவிடக் கூடாது. அந்த ஏட்டை எழுதிய கிரீக்கே அப்படி வாசிக்கவில்லை என்பதை அது ஒரு தரம் தன் காதால் கேட்டிருக்க வேண்டும்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அப்பீல் உண்டு. ஆனால் அந்தச் சாட்சியை முழுசாகக் கேட்டவருக்கு மட்டுமே அப்பீல் செய்யும் உரிமையும் உண்டு.